உறவில்லை என்று ஏழு கையெழுத்து

“ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கை பிள்ளை தலைக்குக் கீழ! பனி எவ்வளவுங்கிற? ரெண்டு மாடி வீட்டுப் புகைபோக்கியே முங்கிப்போச்சு. மிசிசிப்பி ஆறு ஓடிக்கிட்டே இருந்தது, அப்படியே நடுவுல நின்னு உறைஞ்சுபோச்சு. செயின்ட் லூயிஸ் முழுக்க அன்னிக்கு ஓடுன ஒரே வண்டி என் வண்டிதான். பிரசவம் பார்த்தது நான். தொப்புள்கொடி கட்டினது என் ஷூ லேஸ்ல. அதுக்காக ஒரு ஸ்டாப்பை விட்டேனா? ஒரு நிமிஷம் லேட்டானேனா? கிடையாது!”

“இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, மாமா, அந்தப் பிள்ளையே எழுந்து வண்டியை ஓட்டுச்சுன்னு சொல்லிடுவீங்க” என்றாள் அந்தப் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. பெயர் வெர்னீட்டா பிக்கெட். கெல்லம் தெரு மேம்பாட்டுச் சங்கத்தின் இயக்குநர், எழுத்தர், காவலாளி, துப்புரவாளர் எல்லாம் அவளே. கதை சொன்னவர் க்ளியோஃபஸ் டேட். நகரப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை நிறுத்திவிட்டாரே ஒழிய வாயை இன்னும் நிறுத்தவில்லை.

ஜூலை மாத வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே தெருவில் முட்டை பொரிக்கலாம் போலிருந்தது. நாலு பேர் பொரித்துத் தின்றதாகவும் கேள்வி. சங்க அலுவலகத்து ஏசி இரண்டு வருடமாகக் குளிர்ச்சி தருவதை விட்டுவிட்டு, முனகுவதை மட்டும் முழுநேர வேலையாக வைத்திருந்தது. இந்த வெயிலில் பனிக்கதை கேட்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வெர்னீட்டாவின் கண் கதையில் இல்லை. மேசைமேல் கிடந்த ஏழாவது காகிதத்தில் இருந்தது.

கடிதம் வந்து இன்றோடு எட்டு நாள்.

ப்ளம்ஃபீல்ட் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன மானியத்தைப் பற்றிய கடிதம் அது. அந்தப் பணத்தில் ஒரு செங்கல் வாங்க முடியாது. ஓர் ஆணி வாங்க முடியாது. சங்கம் தன் காலில் நிற்க, இரண்டு முழுநேர ஆள் வைத்துக்கொள்ள, வீடு புதுப்பிக்கும் வேலையை முறையாகப் பழகிக்கொள்ள, மூன்று வருடத்துக்குத் திறன் வளர்ப்பு மானியம். “கூரை ஒழுகுது, அதை அடைக்கக் காசு கிடையாதாம். ஒழுகுதுன்னு உட்கார்ந்து பேசக் கத்துக்கறதுக்குக் காசாம்!” என்று லோரெய்ன் அத்தை தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கிற விஷயமா அது? கெல்லம் தெருவில் பதினொரு செங்கல் வீடுகள் ஆளில்லாமல் நின்றன. ஆளும் அனுபவமும் உள்ள சங்கத்துக்குத்தான் அவற்றைத் தருவோம் என்றது நகராட்சி. இல்லையென்றால் அடுத்த மாதம் ஏலம். வெளியூர்க்காரன் ஒருவன் எடுப்பான். பழைய செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி லாரியில் ஏற்றித் தெற்கே விற்பான். தெருவில் பதினொரு பல் போன இடம் மட்டும் மிஞ்சும். போன வருடம் பக்கத்துத் தெருவில் அப்படித்தான் ஆயிற்று.

மானியம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. கெடுத்தது சங்கச் செயலாளர் பர்விஸ் டீக்கன். கெடுதல் நினைத்தல்ல, நேர்மையால்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: ‘நிர்வாகக் குழு உறுப்பினர், இயக்குநருக்கு உறவினரா? ஆம் எனில், என்ன உறவு?’ டீக்கன் தபால் இலாகாவில் இருந்தவர். கட்டம் என்றால் நிரப்பிவிட வேண்டும் அவருக்கு. லோரெய்ன்: அத்தை. க்ளியோஃபஸ்: மாமா. ஹோரஸ்: பெரியப்பா. தன் பெயருக்கு நேரே, தான் ஞானஸ்நானத்தில் கூட நின்றதால், ஞானத்தந்தை. ஒன்பது பேருக்கும் ஒன்பது உறவு, அழகான கையெழுத்தில்.

ரத்த உறவு அதில் இரண்டே பேர்தான்: வெர்னீட்டாவின் அம்மா ஏர்லீனும், ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனும். மற்ற ஏழு பேரும் அக்கம்பக்கம். ஆனால் கெல்லம் தெருவில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த பத்து நாள் காது கேட்காது. எல்லோரும் அத்தை, எல்லோரும் மாமா.

“கேள்வி கேட்டான், பதில் எழுதினேன்” என்றார் டீக்கன். “பொய்யா எழுதச் சொல்ற?”

அறக்கட்டளைக்காரர்கள் பட்டியலைப் பார்த்து அரண்டுபோனார்கள். இது ஒரு தெருவின் சங்கமா, ஒரு குடும்பத்தின் சொத்தா? நிஜ உறவுக்காரர்கள் விலக வேண்டும். மீதிப்பேர் ஒவ்வொருவரும் உறவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு.

அம்மாவும் அண்ணனும் விலகினார்கள். மிஞ்சியது ஏழு. சங்க விதிப்படி ஏழுக்குக் குறைந்தால் குழுவே கிடையாது. ஆறு பேரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் வெர்னீட்டாவுக்கு ஆறு வயது கூடிவிட்டது.

லோரெய்ன் அத்தை போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடி, “வேற ஏதாவது உத்தரவு உண்டா, டைரக்டர் மேடம்?” என்றாள். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது “கண்ணு, சாப்பிட்டியா?” என்ற குரல் வரவில்லை.

“சரி, கதை போதும் மாமா. இந்தாங்க பேனா.”

க்ளியோஃபஸ் கண்ணாடியை மாட்டினார். ஸ்டாப் பெயர் கூவுகிற பழைய குரலில் உரக்கப் படித்தார்:

“‘ரத்தத்தாலோ, திருமணத்தாலோ, வேறெந்த வகையிலுமோ, இயக்குநருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்.’ ரத்தம் இல்ல, சரி. கல்யாணம் இல்ல, அதுவும் சரி. இந்த ‘வேறெந்த வகையிலுமோ’வை யாரு சேர்த்தது?”

“வக்கீல் எழுதினது. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும்.”

“அந்த வக்கீல் எந்த பஸ்ல பிறந்தான்?”

“மாமா, ப்ளீஸ். ஆறு பேர் போட்டாச்சு.”

“அவங்க போடலாம். நான் எப்படிப் போடுவேன்?” காகிதத்தை மெல்லத் தள்ளினார். “வெர்னீ, நான் புளுகன்தான். காலையில காபி குடிக்கலைன்னாலும் ஒரு புளுகு விட்டாகணும் எனக்கு. ஆனா கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டுப் புளுகினது கிடையாது. முப்பத்தொரு வருஷத்துல எத்தனையோ ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதியிருக்கேன். என் மேல தப்புன்னா என் மேல தப்புன்னுதான் எழுதியிருக்கேன். உன்னை இந்த உலகத்துக்கு எடுத்து வச்சது இந்தக் கை. இதே கையால, நீ எனக்கு யாரோன்னு எழுதறதா?”

எட்டு நாள் அடக்கி வைத்தது அப்போது வெடித்தது.

“அது நடக்கவே இல்ல மாமா! சுவத்துல இருக்கு பாருங்க!”

சுவரில் ரெவரெண்ட் அமோஸ் பிக்கெட்டின் படம். வெர்னீட்டாவின் அப்பா, போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். படத்துக்குக் கீழே சங்கம் பிறந்த கதை: பெரும்பனி நாளில் நிறைமாத மனைவியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் ரெவரெண்ட். வழியில் இருண்டு கிடந்த வீடுகளைக் கண்டு மனம் கசிந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் இந்தத் தெருவை எழுப்பி நிறுத்துவேன் என்று காருக்குள்ளேயே நேர்ந்துகொண்டார். ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் வந்த கதை அது. மானிய விண்ணப்பத்தின் முதல் பக்கமும் அதுதான்.

“அப்பாவோட கார்ல போனாங்க, ஆஸ்பத்திரியில பிறந்தேன். உங்க கதையைக் கேட்டுத் தெருவே சிரிக்குது. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். இன்னிக்கு எனக்குச் சிரிக்க நேரமில்ல.”

க்ளியோஃபஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று கடைசியாக ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற மனிதரல்ல அவர். இறுதிச்சடங்கிலிருந்து கிளம்பும்போதுகூடப் பிணத்திடம் ஒரு ஜோக் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இன்று பேசாமல் போனார்.



*

நடுப்பகலில் அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது, ஏர்லீன் சமையலறையில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வா. போர்டுல இருந்து தூக்கினது பத்தாதுன்னு, வீட்டுல இருந்தும் தூக்க வந்தியா?”

“அம்மா…”

“உங்கப்பா இருந்த நாள்ல அந்த போர்டுக்கு நாற்காலி வாங்கினது நான். என் நாற்காலியே எனக்கு ஆகாதுன்னு ஒரு காகிதம் சொல்லுது. போகட்டும். பட்டர் கேக் இருக்கு, தின்னு.”

“தின்ன நேரமில்லம்மா. க்ளியோ மாமா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு.”

“ஏனாம்?”

“அந்த பஸ் கதைதான். நான் அவர் வண்டியில பிறந்தேனாம். அதனால உறவாம்.”

இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளை அங்கியின் கைப்பகுதியில் நின்றுவிட்டது. ஐம்பது வருடமாக ஒரு நூலைக்கூடக் கருக்காதவள் அவள். பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் ஏர்லீன் பெட்டியைத் தூக்கினாள்.

“அவன் புளுகன். நீ ஆஸ்பத்திரியில பிறந்தே. சர்டிபிகேட் இருக்கு.”

“அதைத்தான் நானும் சொன்னேன்.”

ஏர்லீன் பழுப்பேறிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். “அவன்… அந்த வண்டி எங்க போயிட்டிருந்ததுன்னு ஏதாவது சொன்னானா?”

“எங்க போனா என்ன? ஓடாத வண்டி எங்க போனா என்னம்மா?”

“அதானே” என்றாள் அம்மா.

“நீ ஒரு தடவை வந்து அவர் முகத்துக்கு நேரா சொல்லிடேன். எத்தனையோ தடவை சொன்னதுதானே. இன்னொரு தடவை சொன்னா அந்தப் பதினொரு வீடும் பொழைக்கும்.”

“நான் எதுக்கு அங்க? நான்தான் போர்டுலயே இல்லையே.”

அம்மா அடுத்த அங்கியை எடுத்து விரித்தாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்குவதைவிட மிசிசிப்பியைத் திருப்பி விடுவது எளிது.

*

சரியாக நாலு மணிக்கு அறக்கட்டளையின் அதிகாரி க்ரெட்சென் வோல்மர் வந்தாள். கையில் மடிக்கணினி, பையில் நோட்டரி முத்திரை. இந்த ஊர் வழக்கப்படி, அங்கே காத்திருந்த பர்விஸ் டீக்கனிடம் அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று முதலில் கேட்டாள். ஏசியின் முனகலைக் கேளாதவள்போல நடந்துகொண்டாள். நல்ல பெண்தான்.

“உங்கப்பா கதை இருக்கே,” சுவரைப் பார்த்துச் சொன்னாள், “எங்க ட்ரஸ்டி ரெண்டு பேரை அழ வச்சிருச்சு. பணத்தைப் பத்திப் பேசும்போது அவங்க அழுது நான் பார்த்ததில்ல.”

அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தாள், கேள்வி கேட்டாள், ஆறு பத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். நாலரைக்கு நிமிர்ந்தாள்.

“ஏழாவது?”

“வந்துக்கிட்டே இருக்கு” என்றாள் வெர்னீட்டா. அவளும் மாமாவின் வளர்ப்புதானே.

“வெர்னீட்டா, நான் ஒளிக்காம சொல்லிடறேன். எனக்கு இந்தச் சங்கம் பிடிச்சிருக்கு. ஆனா ஆறை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க விதியிலேயே ஏழுன்னு இருக்கு. அஞ்சு மணிக்கு இந்தக் கம்ப்யூட்டர் தானா மூடிக்கும். யார் அழுதாலும் அதுக்குத் தெரியாது.”

பர்விஸ் டீக்கன் டையைத் தளர்த்தினார். “எல்லாம் என்னால வந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிருக்கணும்.”

“நீங்க விடமாட்டீங்க டீக்கன்” என்றாள் வெர்னீட்டா. கோபப்படக்கூட அவளுக்கு இப்போது தெம்பில்லை.

கதவு திறந்தது. க்ளியோஃபஸ், சலவைச் சட்டையில். அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட கையோடு வந்தவள்போல, ஏர்லீன்.

“மிஸ் ஏர்லீன் வீட்டு வாசல்ல மூணு மணி நேரம் நின்னேன்” என்றார் க்ளியோஃபஸ். நின்றது ஒரு மணி நேரமாக இருக்கலாம். ஆனால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. “ஒரே ஒரு கேள்வி. எல்லார் முன்னாடியும் கேட்கணும்னு கூட்டிட்டு வந்தேன். நடக்கலைன்னு அவங்க சொன்னா, இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். அப்புறம் அந்தக் கதை என் வாயில வராது. செத்தாலும் வராது.”

வெர்னீட்டாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. அவ்வளவுதானே. நாற்பத்து மூன்று வருடமாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சொல். இன்னும் ஒருமுறை.

“மிஸ் ஏர்லீன், அன்னிக்கு நான் அங்க இருந்தேனா, இல்லையா?”

ஏர்லீன் அவரைப் பார்க்கவில்லை. கணவரின் படத்தைப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள்.

“சரி.”

ஒரு வார்த்தை வேண்டிய இடத்தில் நாற்பது வார்த்தை சொல்கிற மனிதர், ஒரே ஒரு வார்த்தை சொன்னார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வலது கையைத் தூக்கினார்.

வோல்மர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். ‘ரத்தத்தாலோ.’ சொன்னார். ‘திருமணத்தாலோ.’ சொன்னார். ‘வேறெந்த வகையிலுமோ’ என்ற இடத்தில் குரல் சிக்கியது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் சொல்லி முடித்தார்.

வெர்னீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

க்ளியோஃபஸ் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்தை வளைத்து எழுதினார்.

காகிதத்தின்மேல் ஓர் உள்ளங்கை வந்து விழுந்தது. ஈர மை ஏர்லீனின் விரலில் ஒட்டியது.

“எழுதாதே, க்ளியோ.”

வெர்னீட்டாவுக்குத் தெரிந்து, அம்மா அவரை ‘மிஸ்டர் டேட்’ என்றல்லாமல் கூப்பிட்டதே இல்லை.

“அம்மா! பத்து நிமிஷம்தான் இருக்கு!”

“தெரியும்.”

“பதினொரு வீடும்மா!”

“தெரியும்டி. அந்த வீட்டு வாசல்லல்லாம் புல்லு வெட்டினவ நான்.” ஏர்லீன் கையை எடுக்கவில்லை. “நான் சொன்ன பொய்க்கு நான் கர்த்தர்கிட்ட பதில் சொல்லிக்குவேன். அதுக்காக இன்னொருத்தர் கையைத் தூக்கிச் சத்தியம் பண்றதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால ஆகல. புளுகன் புளுகன்னு நானும் சேர்ந்துதான் இவரைத் தெருவுல இழுத்துவிட்டேன். இவர் ஒரு நாளும் என்னைத் திருப்பிக் கேட்டதில்ல.”

பர்விஸ் டீக்கன் எழுந்து நின்றுவிட்டார். வோல்மரின் பார்வை மெதுவாகச் சுவருக்குப் போய், அங்கிருந்து விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு வந்தது.

“அப்போ… அப்பாவோட கார்?” என்றாள் வெர்னீட்டா.

“வாசல்லயே பனிக்குள்ள நின்னுச்சு. உங்கப்பா மாடியில தூங்கிட்டிருந்தாரு. நான் வீட்டை விட்டுக் கிளம்பினதே அவருக்குத் தெரியாது.”

“வீட்டை விட்டா? எங்கம்மா கிளம்பினே?”

க்ளியோஃபஸ்தான் முனகினார்: “விடு வெர்னீ. அன்னிக்கு உங்கம்மா கையில இருந்த துணிப் பெட்டியைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“எந்தப் பெட்டி?”

நாலு ஐம்பத்து மூன்று. ஏர்லீன் மை பட்ட விரலை மடக்கிக்கொண்டு, வோல்மர் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கங்க மிஸ். பனி முழங்காலுக்குத்தான் இருந்துச்சு. ஆறு உறையல. வண்டி நாப்பது நிமிஷம் லேட்டு. ஆனா இவர் சொன்னது நடந்துச்சு.”